துணைக்கு ஒருவர்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளியிலும் அவள் பாடம் நடத்தியதில்லை. குற்ற வழக்குகளின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அரசு அலுவலகத்தில், கூட்டுச்சதி வழக்குகளைப் பதிவு செய்யும் பிரிவுக்கு அவள் தலைவி. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, வேலை எப்படி நடக்கிறது என்று ஆதியோடந்தமாக விளக்குவாள். கேட்பவருக்குக் கொட்டாவி வந்தாலும் விடமாட்டாள்.

"திருட்டை ஒருத்தன் தனியாப் பண்ணலாம். கொலையைக்கூட தனியாப் பண்ணலாம். சதியை மட்டும் தனியாப் பண்ணவே முடியாது. ரெண்டு பேர் உட்கார்ந்து, 'செய்வோமா?' 'செய்வோம்'னு ஒத்துக்கணும். அந்த ஒத்துக்கறதுதான் குற்றமே. கல்யாணம் மாதிரி, குறைஞ்சது ரெண்டு பேர் வேணும்."

"கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் தண்டனை நிச்சயம் டீச்சர். இதுல அப்படி இல்லையே," என்பான் பக்கத்து மேசைக்காரன். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

வேலை இதுதான். நீதிமன்றங்களிலிருந்து தீர்ப்பு நகல்கள் கட்டுக்கட்டாக வரும். குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்ற வழக்கப்படி 'எதிரி' என்று அந்தத் தாள்கள் சொல்லும். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை போகும். ஒவ்வொரு எதிரிக்கும் கணினியில் ஒரு வரி. வரியின் முடிவில் அவருக்கு என்ன ஆயிற்று என்று குறிக்க வேண்டும்: தண்டனை, விடுதலை, தலைமறைவு, இறப்பு. எல்லாம் முடிந்து சேமிக்கும் பொத்தானை அமுக்கினால், கணினி சும்மா வாங்கி வைத்துக்கொள்ளாது. தீர்ப்புத் தேதி வழக்குத் தேதிக்கு முன்னால் இருக்கிறதா, எதிரிகளின் எண்ணிக்கை சரியா என்று ஒரு சுற்று சோதித்துப் பார்க்கும். சரியாக இருந்தால் திரை பச்சையாகும். தப்பு என்றால் சிவப்பாகும். டீச்சருக்கு இந்தச் சோதனைகள் மேல் கொள்ளை ஆசை. மனுஷன் தூங்கினாலும் இது தூங்காது என்பாள்.

அந்தச் சோதனைகளில் ஒன்றுதான் குளறுபடி. கூட்டுச்சதி வழக்கில் தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர் என்று போட்டால் கணினி ஏற்காது. ஒருவர் எப்படித் தனியாகச் சதி செய்ய முடியும் என்பது அதன் நியாயம். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் கூட்டாளி ஓடிப்போயிருக்கலாம், வழக்கு நடக்கும்போதே செத்துப்போயிருக்கலாம். அப்போது மிச்சமிருக்கும் ஒருவருக்கு மட்டும் தண்டனை கொடுப்பதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. நிரல் எழுதியவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. டீச்சர் ஒரு முறை மேலிடத்துக்கு எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

சேமிக்க முடியாத கோப்புகள் சிவப்பாகவே தங்கி, மாத அறிக்கையில் பிரிவின் பெயரோடு ஏறின. இயக்குநர் கூட்டத்தில் சிவப்பை வாசித்துக் காட்டி மானத்தை வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு நாள், யார் என்று யாருக்கும் நினைவில்லை, பிரிவில் ஒருவர் தண்டனை 'ஒன்று' என்று இருந்த இடத்தில் 'இரண்டு' என்று போட்டார். திரை பச்சையானது. அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவர் பார்த்தார். அவரும் போட்டார். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நாளடைவில் அதற்கு ஒரு பெயர்கூட வந்துவிட்டது: துணைக்குப் போடுவது. தனியாக நிற்கும் குற்றவாளிக்குத் துணையாக, விடுதலையானவர்களில் ஒருவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது. பெரும்பாலும் வரிசையில் கடைசி ஆளை. பெரிய ஆளை முதலிலும் சில்லறை ஆளைக் கடைசியிலும் எழுதுவதுதான் காவல்துறையின் வழக்கம். கடைசி ஆள் அதிகம் கண்ணில் படமாட்டார்.

ஆரம்பத்தில் கணினியில் பெயர்கள் இல்லை, வெறும் எண்கள்தான் இருந்தன. எதிரிகள் ஐந்து, தண்டனை இரண்டு, விடுதலை மூன்று. எண்ணுக்கு வலிக்குமா? பிறகு ஆளுக்கு ஒரு வரி வைத்து, எண்களோடு பெயர்களையும் சேர்த்தார்கள். கீழ்த்தளத்தில், ஒருவர் மேல் தண்டனை எதுவும் இல்லை என்று நற்சான்று கொடுக்கும் சாளரமும் அதே பதிவுகளைப் பார்த்துத்தான் தாள் அடித்துத் தருகிறது. இதெல்லாம் டீச்சருக்குத் தெரியும். சுற்றறிக்கை வந்தபோது அவளே பிரிவுக்கு வாசித்து விளக்கினாள். ஆனால் துணைக்குப் போடுவது நிற்கவில்லை. கை பழகிவிட்டது. எண்ணை மாற்றுகிறோம் என்ற நினைப்பிலேயே பெயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் கீழ்த்தளத்திலிருந்து ஒரு மனிதரை மேலே அனுப்பி வைத்தபோது டீச்சர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையில் தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"மேடம், நான் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியில ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நற்சான்று கேட்டாங்க. கீழ கேட்டா எனக்குத் தண்டனை ஆகியிருக்குன்னு சொல்றாங்க. எனக்கு விடுதலை மேடம். ஜட்ஜ் ஐயா வாயாலயே கேட்டேன். இதோ பாருங்க, கடைசிப் பக்கம்."

"இருங்க, உட்காருங்க. பாக்கலாம்."

"இந்த வாரம் தாளைக் குடுக்கலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்களாம்."

டீச்சர் வழக்கைத் திறந்தாள். கிடங்கிலிருந்து செப்புக் கம்பி திருடிய வழக்கு. முதல் எதிரி கிடங்குக் காப்பாளர்: தண்டனை. இரண்டாம் எதிரி பழைய இரும்பு வியாபாரி: தலைமறைவு. மூன்றாம் எதிரி லாரி உரிமையாளர்: விடுதலை. நான்காம் எதிரி வண்டி ஓட்டியவர்: விடுதலை. ஐந்தாம் எதிரி இந்த லிஃப்ட்காரர். அன்றைக்கு அந்த வண்டியில் ஏறிப் போனதுதான் அவர் செய்தது. அவர் பெயருக்கு எதிரே 'தண்டனை' என்று இருந்தது. வரியின் ஓரத்தில், பதிவு செய்தவர் யார் என்று காட்டும் சின்னக் குறியீடு. அது அவளுடையது.

எப்போது போட்டாள்? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஒரு மனிதரின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறாள், அது நினைவில்கூட இல்லை.

"கணினிக் கோளாறு," என்றாள்.

லிஃப்ட்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அதானே பாத்தேன்! மெஷின்தானே மேடம். எங்க லிஃப்ட்டும் அப்படித்தான். நாலாவது மாடியை அமுக்கினா ரெண்டாவதுல போய் நின்னுட்டு முழிக்கும். மெஷினைத் திட்டி என்ன பண்றது? நாமதான் பொறுமையாப் பாக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை.

அவர் வரியில் 'தண்டனை'யை அழித்து 'விடுதலை' என்று மாற்றிச் சேமித்தாள். திரை சிவப்பாயிற்று. ஆகாமல் என்ன செய்யும்? இப்போது தண்டனை பெற்றவர் ஒருவர்தான். துணைக்கு ஆள் இல்லை. சேமிக்காமல் நற்சான்று வராது.

ரேடியோ எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "வேற ஆளைப் போட்டுட்டு இவரை அனுப்புங்க டீச்சர். பாவம், வேலை போயிடும்," என்றான்.

மூன்றாம் எதிரியா, நான்காம் எதிரியா? கோப்பில், பின்னால் வந்த ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. நான்காம் எதிரி தீர்ப்புக்குப் பிறகு இறந்துவிட்டார் என்றும், காவல்துறை எடுத்து வைத்திருந்த அவர் பொருள்களை அவர் மனைவி பெற்றுக்கொண்டார் என்றும் அதில் இருந்தது. மனைவி என்ற சொல்லை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் நான்காம் எதிரிக்கு எதிரே 'தண்டனை' என்று போட்டாள்.

பச்சை.

லிஃப்ட்காரர் முத்திரை குத்திய தாளை இரண்டு கையாலும் வாங்கினார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் மேடம், எங்களை மாதிரி ஆளுங்க பொழைச்சுக்குவோம்." படியிறங்கும் வரை திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

"யாரைப் போட்டீங்க?" என்று கேட்டான் ரேடியோ.

"செத்துப்போனவரை."

"அட, நல்ல ஐடியா. அவர் வேலைக்கு மனுப் போட மாட்டாரு."

சிரித்தான். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. ஆறிப்போன தேநீரை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள்.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் இதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதையும் தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் வைத்து ஒரு தடவை பார்க்கிற ஆள். லிஃப்ட் கதை வரை சிரித்தான். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அப்ப இது தப்புன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா வேற வழி..."

"யாரும் யாருக்கும் சொல்றதில்ல. ஆனா எல்லாரும் சேர்ந்துதான் பண்றீங்க. வெளியில தெரியாமப் பாத்துக்கறீங்க."

"நீ ஒண்ணும் பெருசா..."

"இல்ல, சும்மா கேக்கறேன். இதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு? நீதானே எல்லாருக்கும் பாடம் எடுப்ப."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

சில நாள் கழித்து லிஃப்ட்காரர் மறுபடியும் வந்தார். வேலை கிடைத்துவிட்ட முகம். புதுச் சட்டையின் பையில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. கூடவே ஒரு பெண்மணி. தையல் வேலை செய்பவர் என்பது கழுத்தில் தொங்கின அளவு நாடாவைப் பார்த்ததுமே தெரிந்தது. கழற்ற மறந்து வந்திருக்கிறார்.

"மேடம், இது எங்க அக்கா. இவங்களுக்கும் ஒரு தாள் வேணும். கீழ போகாம நேரா உங்ககிட்டயே கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தான்."

"உங்க பேர்லயா அம்மா?"

"எனக்கு எதுக்குங்க? எங்க வீட்டுக்காரருக்கு," என்றார் அந்த அம்மா. "அவர் இப்ப இல்ல. தம்பி கூட அதே கேஸ்ல அவரும் இருந்தாரு. அவர் ஓட்டின வண்டியிலதான் இவன் ஏறிப் போனான்."

"எங்க மாமா மேடம். நாலாவது எதிரி," என்றார் லிஃப்ட்காரர், ரொம்பவும் உதவியாக.

சதி வழக்கில் ஒருவரோடு ஒருவர் உறவாக இருப்பார்கள் என்பது அவளே எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம். தெரியாத ஆட்களோடு யார் சேர்ந்து எதைச் செய்வார்கள்? சேர்ந்து எதுவும் செய்யாமலே மாட்டிக்கொள்பவர்களும் அப்படி உறவாகத்தான் இருப்பார்கள்.

"இறந்தவங்களுக்கு நற்சான்று..." என்று ஆரம்பித்தாள்.

"சட்டப்படி குடுக்கலாம்னு கீழ எழுதி ஒட்டியிருக்கு மேடம், போன தடவையே படிச்சேன்," என்றார் லிஃப்ட்காரர்.

அந்த அம்மா சொன்னார்: "வேலைக்கு இல்லைங்க. எங்க பொண்ணுக்காக. பள்ளிக்கூடத்துல யாரோ கம்பி திருடன் பொண்ணுன்னு சொல்லிட்டாங்களாம். இல்லன்னு அவளும் சண்டை போட்டுத்தான் பாத்தா. மாமன் கையில முத்திரை போட்ட தாளைப் பாத்ததுல இருந்து, அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா, வகுப்புல காட்டணும்னு நச்சரிக்கறா. அவருக்கு விடுதலைன்னு காதால கேட்டுட்டுத்தாங்க அவர் போனாரு. அது ஒண்ணுதான் எங்களுக்கு மிச்சம்."

டீச்சர் வழக்கைத் திறந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். நான்காம் வரியை விடுதலை ஆக்கி, மூன்றாம் வரியில் தண்டனை போட்டால் ஆயிற்று. லாரி உரிமையாளர் எங்கே இருக்கிறாரோ, அவர் எந்தச் சாளரத்தில் போய் நிற்கப் போகிறாரோ. விரல் மூன்றாம் வரிக்குப் போயும் விட்டது. அங்கே நின்றது. அந்த அம்மா நம்பிக்கையோடு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தையற்காரிக்கும் கையைப் பார்த்தே வேலையைச் சொல்லத் தெரியும்.

டீச்சர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். கணினிக் கோளாறு இல்ல," என்றாள்.

பிறகு விளக்கினாள். எத்தனையோ பேருக்கு ஆசை ஆசையாக விளக்கிய அதே வேலையை, இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு. சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன, துணைக்குப் போடுவது என்றால் என்ன, லிஃப்ட்காரர் வரியில் போட்டது யார், பிறகு அதை எடுத்து எங்கே வைத்தாள் என்பது வரை. ரேடியோ தட்டச்சை நிறுத்திவிட்டான்.

லிஃப்ட்காரர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... எனக்கு வேலை கிடைக்கறதுக்கு மாமாவை..."

"ஆமா."

"நான் உங்களைக் கும்பிட்டேனே மேடம்."

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் பெயரும் எதிரே அந்தச் சொல்லும். "யாராவது ஒருத்தரை வெச்சாத்தான் இது ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அப்ப உங்களை வெச்சுக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. துணி போதவில்லை என்றால் வேறு துணி போடச் சொல்வது மாதிரி சொன்னார். டீச்சர் நான்காம் வரியில் 'விடுதலை' என்று போட்டாள். ஐந்தாம் வரியும் விடுதலை, மூன்றாம் வரியும் விடுதலை. சேமித்தாள். திரை சிவப்பாயிற்று. அப்படியே விட்டாள்.

"இப்ப இருக்கறதுதான் சரி. ஆனா இது சிவப்புல நிக்கற வரைக்கும் உங்களுக்குத் தாள் வராது," என்றாள். "மேல எழுதறேன். எப்ப சரி பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. தம்பிக்குக் குடுத்தது செல்லும். அவருக்கு விடுதலைங்கறது உண்மை."

"பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?"

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"கணினி வேணாம், நான் கையால எழுதித் தரேன்."

எழுத எழுத அந்த அம்மா எட்டிப் பார்த்தார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, பிரிவு முத்திரையைக் குத்தினாள். அதைக் குத்த அவளுக்கு அதிகாரம் உண்டா என்பது சந்தேகம்தான். அந்த அம்மா தாளை வாங்கி, தம்பியிடம் கொடுக்கவில்லை. அங்கேயே நின்று, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல் நிதானமாக, உரக்கப் படித்தார்.

"'இவரை நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. இவர் தண்டனை பெற்றதாக எங்கள் பதிவில் இருந்தது பொய். அந்தப் பொய்யை, பொய் என்று தெரிந்தே எழுதியவள் நான்.'"

மற்ற மேசைக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரத் தோன்றவில்லை.

அந்த அம்மா தாளை மடித்தார். "இப்படி எங்களை மாதிரி மொத்தம் எத்தனை பேருங்க?"

"தெரியலைங்க."

"எண்ணறதுதானே உங்க வேலை?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தம்பியின் தோளைத் தொட்டு, வாடா என்று கூட்டிப் போய்விட்டார். லிஃப்ட்காரர் இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

ரேடியோதான் மெதுவாகக் கேட்டான்.

"இயக்குநருக்கு என்ன எழுதப் போறீங்க?"

"இவங்களுக்கு எழுதினதையேதான். அதுக்கு முன்னாடி எண்ணணும். தண்டனை ரெண்டுன்னு இருக்கற கோப்பையெல்லாம் எடு."

"எடுக்கலாம். ஆனா நிஜமாவே ரெண்டு பேர் மாட்டினதும் அதுலதான் இருக்கும். எது நிஜ ரெண்டு, எது நாம போட்ட ரெண்டுன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கறது?"

இதற்கு ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கணினியில் எந்த அடையாளமும் இல்லை. இருக்கக் கூடாது என்றுதானே அவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள்.

"பாத்தாத் தெரியாது. ஒவ்வொரு தீர்ப்பையும் எடுத்து முழுசாப் படிக்கணும்."

"எல்லாம் சிவப்பாயிடுமே. உங்க பேர்தான் மேல போகும்."

"என் பேர் மட்டும் போகாது. உன் பேரும் இருக்கும். எடு."

அவன் முதல் தடவையாகச் சிரிக்காமல் எழுந்து போனான். அவள் அலமாரியிலிருந்து ஒரு கட்டை இறக்கி நூலைப் பிரித்தாள். மேலே இருந்த தீர்ப்பில் எதிரிகள் நான்கு பேர். கடைசிப் பக்கத்தில் தண்டனை ஒருவருக்குத்தான் இருந்தது. கணினியில் அதே வழக்கைத் திறந்து நான்காம் வரியைத் தேடினாள். தண்டனை. பெயர் ஒரு பெண்ணுடையது. ஓரத்தில் அவளுடைய குறியீடு.